மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவள்

எனக்குப் பூப்பந்து நன்றாக ஆட வரும். பின்வரிசையில் இடது பக்கம் என் இடம். கம்பளிப் பந்து காற்றில் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று மட்டையை விட்டுக் கிளம்பும்போதே சொல்லிவிடுவேன். கள்ளக்குறிச்சி அப்போது வெறும் தாலுகா ஊர். மாவட்டத் தலைநகர் கடலூர். நான் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர். அலுவலகம் விட்டதும் நேராக மைதானம், இருட்டி பந்து தெரியாமல் போகும் வரை ஆட்டம். குடிப்பழக்கம் இல்லை, சீட்டாடுவதில்லை, சிகரெட் தொட்டதில்லை. என்னிடம் இருந்தது இந்த ஒரு விளையாட்டுதான் என்பதால், அதைக் கேள்வி கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்று எண்ணியிருந்தேன்.

என் மனைவி கல்வராயன் மலையில் நர்ஸ். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வடக்கனந்தல் வழியாக மேலே போனால் சனிக்கிழமை மத்தியானம்தான் இறங்குவாள். அங்கே அவளுக்குக் கொடுத்திருந்த குடியிருப்பில் மின்சாரம் கிடையாது. அடுப்பும் விளக்கும் மண்ணெண்ணெயில்தான். எங்கள் ரேஷன் கார்டு கள்ளக்குறிச்சியில் இருந்ததால், இங்கே வாங்கும் எண்ணெயில் பாதியை ஒரு டின்னில் ஊற்றிக்கொண்டு போவாள். பஸ்ஸில் மண்ணெண்ணெய் ஏற்றக் கூடாது. ராத்திரி பிரசவத்துக்குக் கூப்பிட்டால் லாந்தரோடு போகிற நர்ஸம்மா என்பதால் கண்டக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் நானும் மகளும்தான். ஒரே பெண். எட்டாம் வகுப்பு. நானே சமைத்து, அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, அலுவலகம் போய், ஆட்டத்தையும் விடாமல் இருந்தேன். "சாரப் பாருங்கய்யா, வூட்டுக்காரம்மா மலையில, மனுசன் ஒரு நாளு லேட்டா வந்ததில்ல" என்று மைதானத்தில் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை. வேலைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுவதில் கெட்டிக்காரன் நான். மைதானத்துக்குப் போகிற வழியில் கோதுமையை மாவுமில்லில் இறக்குவேன், திரும்பும்போது மாவை எடுத்துக்கொள்வேன். இடையில் அங்கே வரிசை பார்த்துக்கொள்ள என் மகள் நிற்பாள். பால் பூத்தில் அவள் நிற்பாள். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டக் கொடுத்தால் அங்கேயும் அவளே. எனக்கு மிச்சமான நேரமெல்லாம் யாருடைய நேரம் என்று அப்போது யோசித்ததில்லை.

ஊரில் எல்லா வீட்டிலும் அதுதான் நடந்தது என்று ஒரு சமாதானம் உண்டு. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வருகிற நாளில் முன்பெல்லாம் விடியற்காலையிலேயே டின், கல், அறுந்த செருப்பு என்று எதையாவது வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். டின்னை நகர்த்தினார்கள், கல்லை எறிந்தார்கள் என்று ஒரு முறை மண்டை உடைகிற அளவுக்குச் சண்டை. அதற்குப் பிறகு கடைக்காரர், "ஆளு நின்னாத்தான் எடம், கல்லுக்கெல்லாம் எண்ண ஊத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். மறுவாரத்திலிருந்து கல் இருந்த இடத்தில் பிள்ளைகள் நின்றார்கள். பெரியவர்கள் தம் வேலையைப் பார்த்துவிட்டு, வரிசை நகரும் நேரத்துக்குக் கார்டோடு வருவார்கள். பெரும்பாலும் சரியாக வந்துவிடுவார்கள். நானும் அதுவரை வந்திருக்கிறேன்.

என் மகள் உயரம் தாண்டுவாள். பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த விளையாட்டு டீச்சர்தான் அதைக் கண்டுபிடித்தவர். இரண்டு கம்புகளுக்கு நடுவே ஒரு மூங்கில் குச்சி, அந்தப் பக்கம் ஆற்று மணல். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கவாட்டில் ஓடிவந்து, ஒரு காலை வீசி மறு காலை இழுத்துக்கொள்வாள். தினமும் சாயங்காலம் தலையெல்லாம் மணலோடு வருவாள். அந்த வருஷம் கடலூரில் மாவட்டப் போட்டி. அதில் நன்றாகச் செய்கிற பிள்ளைகளை அரசாங்க விளையாட்டு விடுதியில் சேர்த்து, படிப்பு சாப்பாடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். கடலூருக்கு யாரை அனுப்புவது என்று ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் தேர்வு. பெண் பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

மனைவிக்கு அன்று மலையில் தடுப்பூசி முகாம். முந்தின ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொன்னாள்:

"இன்னாங்க, அந்த ஒரு நாளு மட்டும் மட்டையத் தொடாதீங்க. நான் வர்றதுக்கே மூணு மணி ஆவும். நீங்கதான் கூட்டிக்கினு போவணும்."

"நான் போவாம யாரு போவா?" என்றேன்.

அந்தச் சனிக்கிழமைதான் தியாகதுருகத்திலிருந்து ஒரு அணி எங்களோடு ஆட வந்தது. எங்கள் ஊரிலேயே இரண்டு அணிகள் இருந்தன. முதலில் நாங்கள் தியாகதுருகத்தோடு ஆடுவது, ஜெயிக்கிறவர்கள் மற்றொரு உள்ளூர் அணியோடு ஆடுவது என்று ஏற்பாடு. ஏழரைக்கு ஆரம்பித்தால் இரண்டும் ஒன்பதுக்குள் முடிந்துவிடும் என்று எண்ணினேன். வெள்ளி ராத்திரி ரேஷன் கடைக்காரர் வேறு, நாளைக் காலையில் எண்ணெய் ஊற்றுவதாகச் சொல்லி அனுப்பினார். பத்து நாளாக வராத எண்ணெய். நான் கலங்கவில்லை. எண்ணெய், ஆட்டம், தேர்வு மூன்றையும் ஒரே காலைக்குள் அடுக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஆறு மணிக்கு இருவரும் போய் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் இருபது பேருக்கு மேல். ஏழு மணிக்கு அவளிடம் டின்களைக் கொடுத்தேன்.

"அப்பா, கார்டு?"

"கடை தொறக்கவே ஒம்போது ஆவும். அதுக்குள்ள வந்துடுவேன். ஒங்கிட்ட குடுத்தா எங்கியாவது போட்டுடுவ."

"பத்து மணிக்கு டீச்சர் வரச் சொன்னாங்கப்பா."

"தெரியும்மா."

வீட்டில் இட்லிக்கு மாவு இருந்தது. வந்து ஊற்றித் தருகிறேன் என்றேன். அவள் வெறும் காபியோடு நின்றாள்.

தியாகதுருகத்து ஆட்கள் வந்த பஸ் தாமதம். எட்டரைக்குத்தான் ஆட்டம் ஆரம்பித்தது. முதல் ஆட்டம் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதற்கு முன் தண்ணீர் குடிக்கப் போனேன். வேப்பங்கிளையில் என் சட்டை தொங்கியது. பையில் கார்டின் விளிம்பு தெரிந்தது. மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் அது பொய். நான் பார்த்தேன். கடை திறந்திருக்கும் என்று தெரியும். ஓரமாகச் சைக்கிளோடு நின்றவர்களில் யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம், ஐந்து நிமிஷ வேலை. கொடுத்தால், "பொண்ண அங்க நிக்க வச்சிட்டா வந்தீங்க?" என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். மட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஜெயித்தோம். மணி பத்தாகப் பத்து நிமிஷம். அப்போதாவது போயிருக்கலாம். சைக்கிளை மிதித்திருந்தால் பத்தே காலுக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்போம். சட்டையை எடுக்கக்கூடச் செய்தேன். எங்கள் அணித் தலைவர், அவர் ஒரு மளிகைக் கடைக்காரர், என் தோளைப் பிடித்தார்.

"சார், இன்னா சட்டையப் போட்டுக்கினு? நாலு பேர வச்சிக்கினு நான் கபடியா ஆடுறது?"

"பொண்ணுக்கு ஸ்கூல்ல ஒரு வேல இருக்குது."

"ஸ்கூலு எங்கியும் ஓடிப் போவாது சார். காத்து ஏறுது, ஒரே மூச்சுல முடிச்சிடலாம்."

அவர் மேல் பழி போடுவதற்கில்லை. இன்னொரு முறை சொல்லியிருந்தால் விட்டிருப்பார். அவர் பிடித்த பிடியில் நான் நின்றுவிட்டேன் என்பதுதான் உண்மை. எனக்கும் அந்தப் பிடி தேவைப்பட்டது. அந்த ஆட்டத்தையும் ஜெயித்தோம். அன்றைக்கு ஆடியதுபோல் நான் அதற்கு முன்னும் ஆடியதில்லை, பின்னும் ஆடியதில்லை. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள்.

நான் கடைக்குப் போனபோது பதினொன்றே கால். வரிசை கரைந்து ஏழெட்டுப் பேர் நின்றார்கள். என் மகள் முதல் ஆளாக, ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் முறை வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கார்டு இல்லாததால், பின்னால் வருகிற ஒவ்வொருவரையும் தனக்கு முன்னால் விட்டுவிட்டு அந்த இடத்தை விடாமல் நின்றிருக்கிறாள். எங்கள் தெருவில் இட்லி விற்கும் அம்மா அவளுக்குப் பின்னால் நின்றவர். எண்ணெய் வாங்கிய பிறகும் போகாமல் நிழலில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வாய்யா வா. மாப்புள வராத பந்தல்ல பொண்ணு குந்திக்கினு கீற மாதிரி எத்தினி நாழி நிக்குது இந்தப் பொண்ணு! போம்மா, ஸ்கூலுக்கு ஓடு, ஒங்கப்பன் வந்தா நான் சொல்லிக்கிறேன்னு தலதலயா அடிச்சிக்கினேன். இன்னா சொல்லிச்சி தெரியுமா? 'நான் போயிட்டா எடம் போயிடும், எங்கம்மாவுக்கு மலையில வெளக்கு இருக்காது'ன்னுது. நீயெல்லாம் படிச்ச ஆளு!"

மகள் அழவில்லை. கையை நீட்டி, "கார்டு குடுப்பா" என்றாள். நான், "வா, மொதல்ல ஸ்கூலுக்குப் போயிடலாம்" என்றேன். "இன்னும் கொஞ்சந்தான் எண்ண இருக்குதாம்ப்பா. வாங்கிடலாம்" என்றாள். வாங்கினோம். டின்களைக் கேரியரில் கட்டி, அவளை முன்பாரில் உட்காரவைத்து மிதித்தேன். என் தோளில் மாட்டியிருந்த மட்டை அவள் முழங்கையில் இடித்துக்கொண்டே வந்தது.

பள்ளி மைதானத்தில் தேர்வு முடிந்திருந்தது. பிள்ளைகள் மணலைச் சமன்படுத்திக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மேசையில் பெயர்ப்பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஏன் சார் இவ்ளோ நேரம்? நான் பத்தரை வரைக்கும் இவளுக்காகவே ஆரம்பிக்காம வச்சிருந்தேன்."

"ஒரு வேல வந்துடுச்சுங்க" என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பட்டியல் பன்னிரண்டு மணிக்குத்தான் போகும், மூன்றாவதாக வந்த பெண் தாண்டிய உயரத்துக்குக் குச்சியை வைக்கிறேன், இவளும் தாண்டினால் பெயரைச் சேர்த்து அனுப்புகிறேன் என்றார். நியாயமான மனுஷி. அந்த உயரம் என் மகளுக்குப் பெரிதே அல்ல, தினமும் தாண்டியதுதான்.

"சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார் டீச்சர்.

"சாப்ட்டேன் டீச்சர்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். இல்லை, அவள் சாப்பிடவில்லை, ஐந்து மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறாள், ஒரு வாய் ஏதாவது தின்றுவிட்டு வரட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். முதல் தடவை ஓடிவந்து குச்சிக்கு முன்னால் நின்றுவிட்டாள். இரண்டாவது தடவை குதிகால் பட்டு விழுந்தது. மூன்றாவது தடவை குச்சியோடு அவளும் மணலில் விழுந்தாள். எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, குச்சியை எடுத்து டீச்சர் கையில் கொடுத்தாள். மண்ணெண்ணெய்க் கையால் முகத்தைத் துடைத்திருந்ததால் கண் எரிந்து சிவந்திருந்தது. அல்லது அழுதிருக்கலாம். எண்ணெய்தான் என்று நான் சொல்லிக்கொண்டேன்.

இதுவரை நடந்தது ஒரு தகப்பனின் பொறுப்பின்மை. அன்று மத்தியானம் செய்ததுதான் பாவம்.

மூன்று மணிக்கு மனைவி வந்தாள். பையைக் கீழே வைக்காமலே, "இன்னா ஆச்சி?" என்றாள். நான் படித்தவன். ஒரு சொல்லும் பொய் இல்லாமல் ஒரு பொய்யைச் சொல்லத் தெரியும். "டீச்சர் தனியாவே ஒரு சான்ஸ் குடுத்தாங்க. மூணு தடவ குதிச்சா. தாண்டல" என்றேன்.

மனைவி மகளைப் பார்த்தாள். "அப்படியாடி?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வாசலுக்குப் போய் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தேன். உள்ளே அவள், "ஆமாம்மா" என்றது கேட்டது.

"இதுக்கா தெனம் மண்ணுல பொரண்டுக்கினு வந்த? போதும். படிப்பப் பாரு."

அடுத்த வாரமே கணக்கு டியூஷனில் சேர்த்தோம். நானே வீடு பார்த்துச் சொன்னேன். அது பூப்பந்து மைதானத்துக்குப் போகிற வழியில் இருந்தது. அவளை விட்டுவிட்டு நான் ஆடப் போய், திரும்பும்போது கூட்டிவருவேன். வசதியாக இருந்தது. டீச்சர் இரண்டு முறை சொல்லியனுப்பினார், அடுத்த வருஷமாவது விடுங்கள் என்று. மனைவி வேண்டாம் என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் அதன் பிறகு ஒரு பேச்சு வழக்கமாகிவிட்டது. மகள் கணக்கில் மார்க் குறைந்தால், தைக்க எடுத்த ஜாக்கெட்டைப் பாதியில் வைத்தால், ஒரு வேலைக்கு எழுதிய பரீட்சையில் தவறினால், மனைவி சொல்வாள்: "நீ அன்னிக்கே தாண்டாதவளாச்சே." கோபத்தில் சொன்னதல்ல, பாதி விளையாட்டு. மலையில் ஒரு வாரம் மழையில் நனைந்து, பிரசவம் பார்த்து, அட்டைக்கடியோடு இறங்கி வருகிறவளுக்குத் தன் பெண் எதையும் முடிக்காமல் விடுகிறாளே என்ற கவலை. மகள் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் நடுவில்கூட ஒரு முறை சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். ஆரம்பத்தில் மகள் அந்தப் பேச்சு வரும்போது என்னை ஒரு தரம் பார்ப்பாள். கல்லூரிக்குப் போன பிறகு பார்ப்பதையும் விட்டாள். அதைக் கண்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

முழங்கால் போகும் வரை ஆடினேன். மனைவியும் ஓய்வு பெற்று, இருவரும் கள்ளக்குறிச்சியிலேயே இருக்கிறோம். மகள் விழுப்புரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் ஒரு பெண், நீச்சல் பழகுகிறாள். காலை ஐந்தரைக்கு அவளைக் குளத்துக்குக் கூட்டிப்போய், கரையிலேயே உட்கார்ந்து காய் நறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு, முடிந்ததும் வீட்டுக்கு வந்து சமைத்து அலுவலகம் போகிறாள் என்று அவள் கணவர் ஒருநாள் சொன்னார். "கொஞ்ச நேரம் நீயும் நடந்துட்டு வாயேன்னா கேக்க மாட்டேங்கிறா மாமா. அந்தப் பொண்ணு தண்ணியிலருந்து தல தூக்குனா இவ மொகம் தெரியணுமாம்." அவர் குறையாகத்தான் சொன்னார். அவளுக்கென்று ஒரு பொழுது இல்லையே என்று. எனக்கு அப்படி ஒரு பொழுது இருந்தது. அதன் மறுபக்கம்தான் இது என்று அவரிடம் சொல்லவில்லை.

போன தை மாதம் ஒரு மத்தியானம். மனைவி மொச்சை உரித்துக்கொண்டே போனில் மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். பேத்தி ஒரு போட்டியில் பாதியில் கரையேறிவிட்டாளாம். மனைவி சிரித்துக்கொண்டு, "பின்ன? ஒம் பொண்ணுதான? அவளும் தாண்ட மாட்டா" என்றாள். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, சீக்கிரம் பேச்சு முடிந்தது.

அந்தப் பேச்சு பேத்தி வரைக்கும் வந்துவிட்டது. அது எனக்குத் தாங்கவில்லை. நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அலங்காரம் இல்லாமல், இங்கே எழுதியதைவிடச் சுருக்கமாக. அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. முடிந்த பிறகு கேட்டாள்:

"கார்டு எங்க இருந்திச்சி?"

"எஞ்சட்டையில."

"அவ காலையில ஒண்ணும் சாப்புடல?"

"இல்ல."

"அந்த எண்ண, நான் எடுத்துக்கினு போனதா?"

"ஆமா."

அவள் கை நின்றது. "அந்த எண்ணயிலதான் நான் ஒரு வாரம் வெளக்கு வச்சிருக்கேன்" என்றாள். பிறகு, "ஏங்க, நாப்பது வருசத்துக்கு மேல சொல்லிக்காட்டிக்கினு இருந்தேனே, ஒரு தடவகூட ஒங்களுக்கு நாக்கு எழும்பலியா?" என்றாள்.

எழும்பவில்லை என்றேன்.

அவள் முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி போனை எடுத்தாள். நான் எழுந்து போகப் பார்த்தேன். "குந்துங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

"நான்தான்டி. இல்ல, ஒடம்பெல்லாம் நல்லாத்தான் கீது. ஒங்கப்பா இப்பதான் சொன்னாரு, அந்த எண்ண வாங்கப் போன கதய." அதற்குப் பிறகு மகள் சொல்வதைக் கேட்டாள். "ஏன்டி, நீயாவது சொல்லக் கூடாதா?" என்றாள். மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "தெரியாம பேசிட்டேன்மா. பெத்தவ நானு, எத்தினி வாட்டி சொல்லிட்டேன். மன்னிச்சிக்கோடி" என்றாள். எழுபத்தைந்து வயதுக்காரி, தான் செய்யாத குற்றத்துக்கு மகளிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, "ஆமா, தோ இங்கதான் குந்திக்கினு இருக்காரு" என்றாள். "குடுக்கட்டுமா?"

நான் கையை நீட்டினேன்.

"சரிம்மா. சரி, வச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போனைத் தரையில் வைத்தாள். என் கையைப் பார்த்தாள். முறத்தை மறுபடி இழுத்துக்கொண்டு, "பங்குனில பொண்ணுக்குப் பரீட்ச முடிஞ்சதும் வராளாம்" என்றாள்.

எனக்கு எண்பது ஆகிறது. பங்குனிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. மகள் வந்தால் சொல்வதற்கு அவளுக்குத் தெரியாத செய்தி ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவள் அம்மா அவளிடம் ஏற்கெனவே மன்னிப்பும் கேட்டாகிவிட்டது. ஆனாலும் நடந்தது இன்னதென்று என் வாயிலிருந்து அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் உள்ளே வந்ததும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடக் கூடாது. அதை மட்டும் இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன்.